தடிமன் வேறு, பலம் வேறு

ஆஃப்-ரோடு வண்டியின் படம் ஒன்றைப் பத்துப் பேரிடம் காட்டிப் பாருங்கள். முதல் ஆள் டயரைப் பார்ப்பார். அடுத்தவர் கூரை மேல் வரிசையாக மாட்டியிருக்கும் விளக்குகளைப் பார்ப்பார். இன்னொருவர் முன்னால் நிற்கும் இரும்புக் கம்பியைப் பார்த்து, 'மோதினா யானையே விழுந்துடும்ல' என்பார். வண்டிக்கு அடியில் குனிந்து, இது எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருக்கும் ஃபிரேமைப் பார்க்கிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிசயம்.

சரி, பார்க்காவிட்டால் என்ன, கட்டுகிறவருக்குத் தெரியாதா என்றால், அங்கேதான் சிக்கலே. சொந்தமாக வண்டி கட்ட இறங்குகிறவர்களில் பலருக்கு ஃபிரேம் பற்றி இருக்கும் ஒரே கொள்கை, 'தடியா போடு, பலமா இருக்கும்' என்பதுதான். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு பிளேட். விரிசல் வந்த இடத்தில் அதைவிடப் பெரிய பிளேட். பயம் அதிகமாக இருந்தால் இரண்டு பிளேட். இப்படிக் கட்டிய வண்டி கனமாக இருக்கும், பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். பலமாக இருக்குமா என்பது தனிக் கேள்வி.

தடிமனும் பலமும் ஒன்றல்ல. விசை எந்த வழியாக ஓடுகிறது என்று தெரியாமல் ஏற்றும் ஒவ்வொரு கிலோ இரும்பும், போட்ட காசை வீணாக்குவதோடு, பல நேரம் வண்டியைப் பலவீனமும் ஆக்குகிறது. இது விதண்டாவாதம் மாதிரி தெரியலாம். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் புரியும்.

ஃபிரேமுக்கு என்னதான் வேலை?

தார் ரோட்டில் போகும்போது ஃபிரேமுக்குப் பெரிய சோதனை இல்லை. எஞ்சின், ஆட்கள், சாமான் எல்லாவற்றின் எடையையும் இரண்டு அச்சுகளுக்கு நடுவில் பாலம் மாதிரி தாங்கினால் போதும். இது வளைவு. இதைத் தாங்குவது ஒப்பீட்டளவில் சுலபம்.

காட்டுப் பாதையில் கதையே வேறு. முன் இடது சக்கரம் பாறை மேல் ஏறுகிறது. அதே நேரத்தில் பின் வலது சக்கரம் இன்னொரு மேட்டில் நிற்கிறது. மற்ற இரண்டும் பள்ளத்தில். இப்போது வண்டியின் முன்பாதி ஒரு பக்கம் சாயப் பார்க்கிறது, பின்பாதி எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கிறது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஃபிரேமை யாரோ பிழிகிறார்கள். இதுதான் முறுக்கு. ஆஃப்-ரோடு ஃபிரேமின் உண்மையான எதிரி இந்த முறுக்குதான். அதுவும் ஒரு தடவை அல்ல, ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தடவை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம், செலவு ஒரு தீப்பெட்டி. உள்தட்டை வெளியே எடுத்துவிட்டு வெளிக்கூட்டை மட்டும் விரலால் சாய்த்து அழுத்துங்கள். சப்பென்று மடங்கிவிடும். உள்தட்டைத் திரும்பச் செருகிவிட்டு அதே மாதிரி அழுத்துங்கள். அசையாது. தட்டு என்ன, அதே மெல்லிய அட்டைதானே? அட்டையின் தடிமன் கூடவில்லை. அது இருக்கும் இடமும், எதைத் தடுக்கிறது என்பதும்தான் மாறியது. கட்டுரையின் பாதி விஷயம் அந்தத் தீப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

திறந்த சேனல், மூடிய பெட்டி

லாரிக்கு அடியில் பார்த்தால் நீளமாக இரண்டு சேனல்கள் ஓடும், நடுநடுவே குறுக்குச் சட்டங்கள். ஏணியைப் படுக்க வைத்த மாதிரி இருப்பதால் ஏணி ஃபிரேம் என்று பெயர். அந்தச் சேனலின் ஒரு பக்கம் திறந்திருக்கும். 1948-ல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வந்தபோது அதன் ஃபிரேம் அப்படி இல்லை. நான்கு பக்கமும் மூடிய பெட்டி. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புக்கு ரேஷன். பெரிய அச்சுகள் செய்து தகட்டை அழுத்தி வடிவமைக்கக் காசும் இல்லை. அதனால் தட்டையான இரும்புப் பட்டைகளை வெட்டி, நான்கு பக்கமும் வைத்துப் பற்றவைத்துப் பெட்டியாக்கினார்கள். உடம்புக்கு அலுமினியக் கலவை. தட்டுப்பாட்டில் பிறந்த வடிவம், முறுக்குக்கு நன்றாக ஈடுகொடுத்தது.

திறந்ததற்கும் மூடியதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது நம்ப முடியாத அளவு. சுமார் 30 மி.மீ. விட்டமும் 1.65 மி.மீ. சுவரும் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் முழுக்க ஒரே ஒரு கோடாகக் கீறிவிட்டால், இரும்பின் அளவு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். ஆனால் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு 200 மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். 200 சதவீதம் இல்லை, 200 மடங்கு! ஒரு காகிதத்தைச் சுருட்டி ஓரத்தை ஒட்டாமல் முறுக்கிப் பாருங்கள், பிறகு ஒட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள். கைக்கே தெரியும்.

அப்படியானால் லாரிக்காரர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. லாரி ஃபிரேம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்றே திறந்த சேனலில் செய்யப்படுகிறது. மேடுபள்ளத்தில் ஃபிரேமே கொஞ்சம் வளைந்து கொடுத்தால் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஜெர்மனியின் உனிமாக் இதையே வேண்டுமென்று செய்த வண்டி. அதன் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும், மேலே உள்ள கேபினும் சரக்குத் தளமும் அந்த முறுக்கு தங்களைத் தொடாதபடி சில புள்ளிகளில் மட்டும் உட்கார்ந்திருக்கும். செக் நாட்டு டாட்ரா நேர் எதிர்த்திசையில் போனது. 1923-ல் வந்த டாட்ரா 11 முதல், வண்டிக்கு நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு தடித்த குழாய். அது முறுக்கிக்கொள்ளாது. பள்ளத்தைச் சமாளிப்பது தனித்தனியாக ஆடும் அரை அச்சுகளின் வேலை.

இரண்டுமே காட்டில் பெயர் வாங்கிய வண்டிகள்தான். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: எது விறைப்பாக இருக்க வேண்டும், எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பட்டறைகளில் கட்டப்படும் பல வண்டிகளில் இந்த முடிவு எடுக்கப்படுவதே இல்லை. பாதி ஃபிரேம் லாரி மாதிரி, பாதி ஃபிரேம் டாங்கி மாதிரி. உடைவது இரண்டும் சேரும் இடத்தில்.

முக்கோணம் என்ற கஞ்சன்

கல்லூரி அணிகள் கட்டும் சின்ன வண்டிகளில் ஏணி ஃபிரேம் கிடையாது. குழாய்களைக் கூண்டு மாதிரி பின்னி, அதையே ஃபிரேமாகவும் ஓட்டுநரின் பாதுகாப்பாகவும் ஆக்கிவிடுகிறார்கள். இங்கே ராஜா முக்கோணம்.

நான்கு குச்சி ஐஸ் குச்சிகளை மூலையில் குண்டூசி குத்திச் சதுரமாக்கினால், தள்ளியதும் சரிந்துவிடும். மூலைவிட்டமாக ஐந்தாவது குச்சி ஒன்றைப் போட்டால் நின்றுவிடும். முதல் நான்கு குச்சிகளையும் இரண்டு மடங்கு தடிமனாக்கினாலும் இந்தப் பலன் வராது, ஏனென்றால் சரிவது குச்சி அல்ல, மூலை. முக்கோணத்தில் குச்சிகள் இழுவையையும் அழுத்தத்தையும் மட்டும் பார்த்தால் போதும். இரும்புக் குழாய்க்கு நீளவாக்கில் இழுப்பது பெரிய விஷயமே இல்லை, நடுவில் வளைத்தால்தான் அழும்.

இதிலிருந்து ஒரு நேரடியான விதி வருகிறது. சஸ்பென்ஷன் கை மாட்டும் இடம், ஷாக் அப்சார்பரின் மேல்முனை, எஞ்சின் உட்காரும் இடம் எல்லாம் குழாய்கள் சந்திக்கும் முடிச்சிலோ அதற்கு ஒட்டினாற்போலோ இருக்க வேண்டும். ஷாக்கின் மேல்முனையை ஒரு நீளக் குழாயின் நடுவில் பற்றவைத்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் குழாயை யாரோ சுத்தியால் அடிக்கிற மாதிரி. பிறகு அந்தக் குழாய் வளைந்ததும், 'குழாய் மெலிசு, தடியா போட்டிருக்கணும்' என்பார்கள். தப்பு குழாயிடம் இல்லை. முடிச்சைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தியிருந்தால் அதே குழாய் காலத்துக்கும் நின்றிருக்கும்.

குழாயின் கணக்கு வழக்கு

இப்போது வரவு செலவு. பாஹா என்பது மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை ஆள் ஆஃப்-ரோடு வண்டியோடு மோதும் போட்டி. 1976-ல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவில் 2007-ல் தொடங்கி, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் பல ஆண்டுகள் நடந்தது. எல்லா அணிக்கும் ஒரே மாதிரி எஞ்சின்தான், பல ஆண்டுகளுக்கு அது வெறும் 10 குதிரைத்திறன். அதனால் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் எடையிலும், நான்கு மணி நேர ஓட்டத்தில் உடையாமல் நிற்பதிலும் இருக்கிறது.

கூண்டின் முக்கியக் குழாய்களுக்கு அதன் விதி ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர், 1018 வகை எஃகு. இதையே போடலாம். அல்லது வளைவை எதிர்க்கும் விறைப்பிலும் பலத்திலும் இதற்குக் குறையாத வேறு குழாயைக் கணக்குக் காட்டிப் போடலாம். விறைப்பு என்றால் எவ்வளவு வளைகிறது என்பது. பலம் என்றால் எவ்வளவில் நிரந்தரமாக வளைந்துவிடும் என்பது.

இரண்டு குழாய்களை ஒப்பிடுவோம்.

முதல் குழாய்: 25 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர். ஒரு மீட்டர் எடை சுமார் 1.63 கிலோ.

இரண்டாவது குழாய்: 31.75 மி.மீ. விட்டம், 1.65 மி.மீ. சுவர். ஒரு மீட்டர் எடை சுமார் 1.22 கிலோ.

கையில் எடுத்துப் பார்த்தால் முதல் குழாய்தான் 'ஸ்ட்ராங்' என்று எவரும் சொல்வார்கள். சுவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிமன். ஆனால் கணக்குப் போட்டால் இரண்டாவது குழாய்க்கு விறைப்பு சுமார் 39 சதவீதம் அதிகம். இரண்டும் ஒரே எஃகு என்று வைத்துக்கொண்டாலே பலமும் சுமார் 9 சதவீதம் அதிகம். எடையோ நான்கில் ஒரு பங்கு குறைவு. காரணம் எளிது. வளையும்போது நடுவில் இருக்கும் இரும்பு சும்மா இருக்கிறது, ஓரத்தில் இருக்கும் இரும்புதான் உழைக்கிறது. இரும்பை நடுவிலிருந்து தள்ளி வைத்தால் அதே சம்பளத்துக்கு அதிக வேலை வாங்கலாம்.

ஒரு கூண்டுக்கு 30 மீட்டர் குழாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வகையில் கிட்டத்தட்ட 49 கிலோ, இரண்டாவதில் 37 கிலோ. வித்தியாசம் 12 கிலோ. 10 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 12 கிலோ சின்ன விஷயமே இல்லை.

'அப்போ இன்னும் பெரிசா, இன்னும் மெலிசா போட்டா இன்னும் லாபம்தானே?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு எல்லைக்கு மேல் சுவர் மெலிந்தால் பாறை பட்டதும் நசுங்கும், வெல்டிங்கில் ஓட்டை விழும், டப்பா மாதிரி மடங்கும். அதனால்தான் அந்த விதி சுவர் 1.57 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கிறது. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, இங்கே அது மில்லிமீட்டரிலேயே எழுதியிருக்கிறது :-)

எடை என்பது வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. ஃபிரேமில் 50 கிலோ ஏறினால் ஸ்பிரிங் தடியாக வேண்டும், பிரேக் பெரிதாக வேண்டும், டயருக்குச் சுமை ஏறும், எஞ்சின் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் எடை. சேற்றில் இறங்கினால் வண்டி புதைகிற ஆழம் கூட அதைப் பொறுத்தது. 1967 ஏப்ரலில் புரூஸ் மேயர்ஸ் என்பவரும் அவர் நண்பரும், மெக்சிகோவின் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டிப் போய் மோட்டார் சைக்கிள்காரர்களின் சாதனையை ஐந்து மணி நேரத்துக்கும் மேல் முறியடித்தார்கள். அவர்கள் ஓட்டியது ராட்சத ஜீப் அல்ல. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினும் சஸ்பென்ஷனும் வைத்து, கண்ணாடியிழையில் செய்த ஒரு குட்டி வண்டி. நான்கு சக்கர இயக்கம்கூடக் கிடையாது. பாஹா பாலைவனத்தில் அதை ஜெயிக்க வைத்ததில் பெரும்பங்கு அதன் எடைக்குறைவுக்கு.

ஒட்டுப்போடும் கலை

சரி, புதிதாகக் கட்டவில்லை, இருக்கிற ஃபிரேமைப் பலப்படுத்த வேண்டும். இங்கேதான் அதிகமான அநியாயம் நடக்கிறது.

விரிசல் விட்ட இடத்தில் செவ்வகமாக ஒரு பிளேட்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைப்பது வழக்கம். பார்க்க நிம்மதியாக இருக்கும். கொஞ்ச நாளில் அந்தப் பிளேட்டின் ஓரத்தை ஒட்டியே புதிதாக ஒரு விரிசல் வரும். ஏன்? பிளேட் போட்ட இடம் திடீரென்று விறைத்துவிட்டது, பக்கத்து இடம் பழைய மாதிரியே நெளிகிறது. நெளிவு முழுக்க அந்த எல்லைக்கோட்டில் வந்து குவியும். போதாக்குறைக்கு அதே கோட்டில்தான் வெல்டிங்கின் சூடு பட்டு இரும்பின் குணம் மாறியிருக்கும். கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிவது மாதிரி, அங்கே ஒடியும். பிளேட் விரிசலைக் குணப்படுத்தவில்லை, முகவரியை மாற்றிக் கொடுத்திருக்கிறது!

சேனலின் முன்பாதியை மட்டும் மூடிப் பெட்டியாக்குவதும் இதே கதைதான். பெட்டி முடிந்து சேனல் தொடங்கும் இடம் அடுத்த பலி.

சரியான வழி கஷ்டமானது அல்ல, கொஞ்சம் பொறுமை கேட்கும். விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே சின்னதாகத் துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு விரிசலை வி வடிவத்தில் கிரைண்டரால் திறந்து, அடிவரை நிரப்பிப் பற்றவைத்து, சமப்படுத்த வேண்டும். அதற்கு மேல்தான் பிளேட். அந்தப் பிளேட்டின் முனைகளும் செங்குத்தாக முடியாமல், வைர வடிவத்தில் கூராகப் போய் முடிய வேண்டும். விறைப்பு படிக்கட்டு மாதிரி இறங்காமல் சரிவு மாதிரி இறங்கும். ஏணி ஃபிரேமின் மேல் கீழ் விளிம்புகளில் துளை போடவே கூடாது, போட்டே ஆக வேண்டும் என்றால் பக்கவாட்டுச் சுவரின் நடுப்பகுதியில் போடலாம். வளைவின் முழுப் பாரமும் விளிம்புகளில்தான் ஓடுகிறது. பல கனரக லாரிகளின் ஃபிரேம் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. தயாரிப்பாளர் கையேட்டைப் பார்க்காமல் அதில் வெல்டிங் கம்பியை வைப்பது, பதத்தைக் காசு கொடுத்துக் கெடுப்பது.

இன்னொன்று, துரு. பெட்டி ஃபிரேம் பலம்தான், ஆனால் உள்ளே சேறும் தண்ணீரும் புகுந்தால் வெளியே வர வழி இருக்காது. பழைய லேண்ட் ரோவர்களின் ஃபிரேம் வெளியே பெயின்ட் பளபளப்போடு இருக்க, உள்ளிருந்து துருப்பிடித்து அப்பளமாக நொறுங்குவது உலகம் அறிந்த கதை. தண்ணீர் வடிய ஓட்டை வைக்காமல் பெட்டியாக்குவது உண்டியல் செய்வது மாதிரி, போனது வெளியே வராது.

உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்

எவ்வளவு நல்ல வடிவமானாலும் கடைசியில் அது பற்றவைக்கிறவரின் கையில் இருக்கிறது. மேலே அழகாக மீன் செதில் மாதிரி அடுக்கியிருக்கும் வெல்டிங், உள்ளே பிடிக்காமல் வெறும் மேல்பூச்சாக இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பாஹா விதிகளில் மிகவும் பாராட்டத்தக்க விதி இங்கேதான் இருக்கிறது. கூண்டைப் பற்றவைக்கிறவர், அதே குழாயில், அதே முறையில் இரண்டு மாதிரித் துண்டுகளைப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். ஒன்றை உடையும்வரை வளைத்துச் சோதிப்பார்கள், உடைவது குழாயாக இருக்க வேண்டும், பற்று விடக் கூடாது. இன்னொன்றைக் குறுக்கே அறுத்து, வெல்டிங் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு துண்டுக் குழாய்க்கு என்ன செலவாகிவிடும்? ஒரு எல்இடி விளக்கின் விலைகூட வராது. ஆனால் சொந்தமாக வண்டி கட்டுகிறவர்களில் இதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர்?

இதே கணக்கில் இன்னொரு வழக்கத்தையும் நிறுத்தியாக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பில் ரோல் கேஜ் செய்வது. அந்தக் குழாய் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது, உருளும் வண்டியைத் தாங்க அல்ல. மேலே பூசிய துத்தநாகம் வெல்டிங்கில் ஆவியாகி, பற்றில் குமிழ் விடும், பற்றவைப்பவரின் நுரையீரலுக்குள்ளும் போய்க் காய்ச்சல் வர வைக்கும். இப்படிக் கட்டிய கூண்டுக்குள் உட்காருவது, கூண்டே இல்லாமல் உட்காருவதைவிட ஆபத்து. இல்லாத தைரியத்தைக் கொடுக்கிறதே!

எல்லாமே உடையாமல் இருக்கக் கூடாது

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: நல்ல ஃபிரேமில் உடைய வேண்டிய இடங்களும் உண்டு.

ஆளைச் சுற்றி இருக்கும் கூண்டு அசையக் கூடாது. பாஹா விதியில் ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் நடுவே 152 மி.மீ., உடம்புக்கு 76 மி.மீ. இடைவெளி கேட்பது, கூண்டு வளைந்தாலும் ஆளைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் மூக்குப் பகுதி மோதலில் மடங்க வேண்டும். மடங்கும் இரும்பு அடியைத் தின்றுவிடும். மடங்காத இரும்பு அடியை அப்படியே பின்னால் அனுப்பும், பின்னால் இருப்பது மனிதன். சஸ்பென்ஷன் கையை மாட்டும் போல்ட்டோ பிராக்கெட்டோ ஃபிரேமுக்கு முன்னால் உடைந்தால் காட்டிலேயே மாற்றிவிட்டு வீடு வந்து சேரலாம். ஃபிரேம் முதலில் உடைந்தால் வண்டியைத் தூக்கித்தான் வர வேண்டும்.

சாலை வண்டிகளின் முன்னால் மாட்டும் அந்தப் பெரிய இரும்புக் கம்பி மேல் 2017 டிசம்பரில் மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொன்னதற்கும் இதே தர்க்கம்தான். அது மோதலை நேராக ஃபிரேமுக்கு அனுப்பும், ஏர்பேக் திறப்பதையும் குழப்பலாம், எதிரே நடந்து வருகிறவருக்கோ அது வெறும் இரும்புச் சுவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

'அதெல்லாம் சரி, வீட்டு ஜீப்பையே வெட்டி மாற்றலாமே' என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நிற்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவு செய்த வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான்.

இதை ஆர்வத்துக்குப் போட்ட முட்டுக்கட்டை என்று திட்டுகிறவர்கள் உண்டு. திட்டுவதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய ஃபிரேமைப் பரிசோதித்துச் சான்று கொடுக்க எளிமையான வழி ஒன்று இருந்தால் நல்லதுதான். பிரிட்டனில் தனி ஆள் கட்டிய வண்டியைப் பரிசோதித்து அனுமதிக்கத் தனி நடைமுறையே இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழி இங்கே வர வேண்டும் என்று கேட்பதற்கு, 'தடியா போட்டிருக்கோம் சார்' என்பதற்கு மேலான பதில் கையில் இருக்க வேண்டாமா? அதுவரை, சாலைக்கு ஒரு வண்டி, போட்டிக் களத்துக்கும் தனியார் நிலத்துக்கும் தனியாகக் கட்டிய இன்னொன்று என்பதுதான் புத்திசாலித்தனம். ரோட்டு ஜீப்பை வெட்டினால் இரண்டும் கெடும்.

'எங்க தாத்தா ஜீப்...'

இதுவரை படித்ததற்கு எதிராக நிச்சயம் வரப்போகும் வாதம் ஒன்று உண்டு. 'எங்க தாத்தா ஜீப்ல பத்து ஒட்டு இருக்கு, நாப்பது வருஷமா எஸ்டேட்ல ஓடுது, எந்தக் கணக்கும் போடல.'

உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒட்டுகளைப் போட்ட மிஸ்திரி, கணக்கைக் காகிதத்தில் போடவில்லையே தவிர, கையில் போட்டிருப்பார். எங்கே உடைகிறது, எப்படி உடைகிறது என்று நாற்பது வருடம் பார்த்தவரின் அனுபவம் சும்மா வந்தது அல்ல. அந்த ஜீப் மெதுவாகவும் ஓடியது. இன்று அதே ஃபிரேமில் இரண்டு மடங்கு சக்தியுள்ள எஞ்சினும், பெரிய டயரும், உயரமான சஸ்பென்ஷனும் ஏற்றிவிட்டுத் தாத்தாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நியாயமா? அதோடு, உடைந்துபோன ஜீப்புகள் யாருடைய கதையிலும் வருவதில்லை. அவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

கணக்குப் போடக் காசு வேண்டும் என்பதும் இப்போது சாக்குதான். ஃப்ரீகேட் மாதிரி இலவச மென்பொருளிலேயே ஃபிரேம் வரைந்து, விசை கொடுத்து, எங்கே சிவக்கிறது என்று பார்க்க முடியும். ஆனால் ஒரு எச்சரிக்கை. மென்பொருள், கொடுத்த கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நான்கு சக்கரமும் சமதரையில் நிற்பதாகக் கொடுத்துவிட்டு எல்லாம் பச்சையாக வந்தது என்று மகிழ்ந்தால், முறுக்கு என்ற எதிரியை அழைக்காமலே போட்டியை நடத்தி முடித்த மாதிரி. அதனால் மென்பொருளுக்கு முன்னால், குச்சியிலும் பசையிலும் ஒரு சின்ன மாடல் செய்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். எந்த மூலை முதலில் அசைகிறதோ, பெரிய வண்டியிலும் முதலில் கவனிக்க வேண்டிய மூலை அதுதான்.

இரும்புக் கடைக்குப் போவதற்கு முன் மூன்றே கேள்விகள். இந்தச் சக்கரத்தில் விழும் அடி எந்தக் குழாய் வழியாக எங்கே போய்ச் சேருகிறது? இந்த வண்டியில் எது வளையலாம், எது வளையவே கூடாது? இந்தப் பற்றை உடைத்துப் பார்த்தாயிற்றா? மூன்றுக்கும் பதில் இருந்தால் மெலிந்த குழாயே போதும். பதில் இல்லாவிட்டால், எத்தனை கிலோ பிளேட் ஏற்றினாலும் அது பயத்துக்குக் கட்டிய தாயத்துதான். தாயத்து கட்டிய கைக்குக் கனமாக இருக்கும், அவ்வளவுதான்.